கண் மஞ்சளாகும் வரை காத்திருக்கிற ஊர்

மலேசியாவில், கெடா மாநிலத்து பீடோங் பக்கம் ஒருவரைப் பற்றி ‘ஈரல் போச்சாம்’ என்று பேச்சு வந்தால், அவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது, அல்லது வயிறு வீங்கிவிட்டது, அல்லது ரத்த வாந்தி எடுத்து சுங்கைப்பட்டாணி பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போய்விட்டார் என்று அர்த்தம். இந்த மூன்றும் வராதவரை ஆள் நன்றாக இருக்கிறார். காலையில் வேலைக்குப் போகிறார், மாலையில் ரெண்டு பாட்டில் போடுகிறார், திருவிழாவில் காவடிக்கு முன்னால் ஆடுகிறார், அவருக்கென்ன குறை. எனக்கு இதில்தான் சண்டை. குடிக்காதே என்று சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கோயில் மைக்கிலிருந்து மாமியார் வரைக்கும், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகச் சேர வரவில்லை. நம் ஊர் ஈரல் நோய்க்கு அடையாளம் என்று வைத்திருக்கிற மூன்றுமே கடைசிக் கட்டத்தில் வருபவை, அதற்கு முன்னால் பத்து, பதினைந்து வருஷம் அந்த ஈரல் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டு இருந்திருக்கும், அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில்தான் ஏதாவது செய்ய முடியும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏன் சத்தமில்லை என்றால், ஈரலின் சதைக்குள் வலியை உணர்த்தும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய உறையில் மட்டும்தான் உண்டு. ஈரல் வீங்கி அந்த உறை இழுபட்டால் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் தெரியும், அதையும் நாம் வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவோம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு அது, பெரும்பகுதி கெட்ட பிறகும் மிச்சத்தை வைத்து வேலையை ஓட்டிக்கொண்டே போகும். கண் மஞ்சளாவது, பித்த நிறத்தை வெளியேற்ற அதற்கு இனிமேல் முடியவில்லை என்பதால். வயிற்றில் நீர் கோப்பது, தழும்பேறி இறுகிய ஈரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் பின்னால் அழுத்தம் ஏறுவதால். அதே அழுத்தத்தில் உணவுக்குழாயில் இருக்கிற ரத்தக் குழாய்கள் புடைத்து வெடித்தால் ரத்த வாந்தி.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதை நம் ஊர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ராத்திரி தூங்காமல் பகல் முழுக்கத் தூங்குவது, பேச்சு குழறுவது, தெரிந்த வழியில் போகத் தெரியாமல் நிற்பது, சட்டை பட்டனைப் போட விரல் தடுமாறுவது. அமோனியா மாதிரியான கழிவுகளை ஈரல் வடிகட்டாமல் விடுவதால் அவை மூளைக்குப் போகின்றன. வீட்டில் இருப்பவர்கள் ‘மறுபடி குடிச்சிட்டு வந்திருக்காரு’ என்று நினைப்பார்கள். என் சித்தப்பாவை அப்படித்தான் வீட்டில் எல்லோரும் திட்டினார்கள், பாவம், அன்றைக்கு அவர் ஒரு சொட்டு தொட்டிருக்கவில்லை.

சித்தப்பா வாலிபத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார், தோட்டத்தில் செம்பனை வந்த பிறகு குலை அறுத்தார், முட்டி போன பிறகு ஒரு தொழிற்சாலையில் காவலுக்கு இருந்தார். குடி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சிரிப்பார். அவர் தலைமுறைக்கு அது ஆரம்பிக்கிற விஷயம் இல்லை, தோட்டத்தோடு சேர்ந்து வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியது, சம்பளம் கொடுத்த கை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி. நம் ஆட்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தியன் என்றாலே குடிகாரன் என்கிற பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. 1941-இல் கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. போர் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை கிளம்பி கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது, 1947-இல் இதே பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்தில், அது போலீசோடு மோதல் வரைக்கும் போனது. கள்ளுக்கடை போன பிறகு சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்தது, அது வேறு கதை, அதைவிட மோசமான கதை.

சரி, கணக்குக்கு வருவோம். ‘நான் பீர் மட்டும்தான், சம்சு தொடமாட்டேன்’ என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். ஈரலுக்கு பீர், ஸ்டௌட், பிராந்தி, கள் என்கிற ஜாதிப் பிரிவெல்லாம் தெரியாது, எத்தனை கிராம் ஆல்கஹால் உள்ளே போனது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. 5 சதவிகிதம் உள்ள 320 மில்லி பீர் டின்னில் ஏறக்குறைய 13 கிராம். பெரிய பாட்டிலில் 25. ஸ்டௌட் என்றால் இதைவிடக் கொஞ்சம் கூட. சம்சு 40 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் காலத்து 150 மில்லி குட்டி பாட்டிலிலேயே 47 கிராம் வந்துவிடும். தினமும் 30 கிராமுக்கு மேல் வருஷக்கணக்கில் போனால் ஈரலில் தழும்பு விழுகிற வாய்ப்பு தெளிவாக ஏறுகிறது. அப்படியென்றால் சாயங்காலம் ரெண்டு பெரிய பாட்டில் பீர் போடுகிற ‘அளவோடு குடிக்கிற’ மனிதர் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டார். 30 என்பது அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது என்கிற உத்தரவாதமும் இல்லை. உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிவிட்டது, புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்து.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்தது. வாங்குகிற வயதை 18-இலிருந்து 21 ஆக்கினார்கள், 2017 டிசம்பரிலிருந்து. சம்சு வகைகளைக் குட்டி பாட்டிலில் விற்கக் கூடாது, 700 மில்லிக்குக் குறையாத கண்ணாடி பாட்டிலில்தான் விற்க வேண்டும் என்றார்கள். ‘மெமினும் அராக் போலே மெம்பஹாயக்கான் கெசிஹாத்தான்’, அதாவது மது குடிப்பது உடல்நலத்தைக் கெடுக்கலாம் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறது, ஆனால் அதை உட்கார்ந்து படிக்கிறவன் அதை வாங்க மாட்டான் இல்லையா. விலை ஏறியதில் சிலர் குறைத்தார்கள் என்பது உண்மை. சிலர் திருட்டுச் சரக்குக்குப் போனார்கள், அதில் மெத்தனால் கலந்திருந்தால் என்ன ஆகும் என்று 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பார்த்தோம், கண் பார்வை போய், மூச்சுத் திணறி, வரிசையாகச் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் கதையில் ஈரல் கெடுவதற்குக்கூட நேரம் இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், குடித்ததில் 90 சதவிகிதத்துக்கு மேல் ஈரல்தான் உடைத்தாக வேண்டும். உடைக்கும்போது முதலில் அசிட்டால்டிஹைட் என்கிற ஒரு பொருள் உண்டாகிறது, சாராயத்தைவிட விஷம் அதுதான், ஈரல் செல்லில் இருக்கிற புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது. அப்புறம்தான் அது அசிட்டேட்டாகி, கடைசியில் தண்ணீரும் கரியமில வாயுவுமாகப் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு 7-இலிருந்து 10 கிராம் வரை, அவ்வளவுதான் வேகம். மோர் குடித்தாலும், கோப்பி ஓ குடித்தாலும், தலையில் பச்சைத் தண்ணி ஊற்றினாலும் அந்த வேகம் ஏறாது. இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது கொழுப்பை எரிக்கிற வேலையை ஈரல் தள்ளிப் போடுகிறது, கொழுப்பு அங்கேயே தங்குகிறது. தினமும் நிறையக் குடிக்கிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்தக் கொழுப்பு படிந்த ஈரல் உண்டு, 10-இல் 9 பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல செய்தி, இந்தக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அந்தக் கொழுப்பு இறங்கிவிடும். இறங்கும் என்றால் நிஜமாகவே இறங்கும், ஸ்கேனில் தெரியும்.

நிறுத்தாவிட்டால் சிலருக்கு அழற்சி வருகிறது, அந்த அழற்சி ஆறும்போது தழும்பு விழுகிறது. பால் வெட்டினவர்களுக்கு இதைச் சொல்ல அதிகம் மெனக்கெட வேண்டாம். பட்டையை மட்டும் சீவினால் பால்மரம் புதுப் பட்டை விட்டு மூடிக்கொள்ளும், கொஞ்ச வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது, பாலும் ஒழுங்காக வராது. சித்தப்பாவிடம் இப்படிச் சொன்னபோதுதான் ஸ்கேனில் டாக்டர் காட்டிய கரடுமுரடான ஈரல் என்ன என்று அவருக்குப் பிடிபட்டது. “அப்போ என்னோடது கட்டையில பட்ட மரம்,” என்றார். ஆமாம் சித்தப்பா.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: “எங்க தாத்தா எழுவது எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு லா, ஒண்ணும் ஆகலையே.” ஆகாமல் இருந்திருக்கலாம். நிறையக் குடிக்கிறவர்களில் 10 முதல் 20 சதவிகிதம் பேருக்குத்தான் ஈரல் முற்றிலும் சுருங்கி இறுகுகிற சிரோசிஸ் வருகிறது. மீதிப் பேர் தப்பிக்கிறார்கள், அல்லது அதற்கு முன்னால் இதயமோ சாலை விபத்தோ முந்திக்கொள்கிறது. அந்த 10, 20-இல் நாம் இருக்கிறோமா என்று முன்கூட்டித் தெரியாது, ஆனால் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பது தெரியும். பெண்களுக்கு அதிகம், அதே அளவு குடித்தால் அவர்கள் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். ஹெபடைட்டிஸ் பி, சி இருப்பவர்களுக்கு அதிகம். வயிற்றைச் சுற்றிப் பெருத்தவர்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் அதிகம்.

சர்க்கரை என்று சொன்னதும் தாத்தாவை இங்கே இழுக்கக் கூடாது என்று புரியும். தாத்தா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பால் வெட்டியவர். பேரன் லாரி ஓட்டுகிறான், ராத்திரி பத்து மணிக்கு மேல் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் இனிப்புத் தூக்கலான தே தாரேக்கும், வாரக் கடைசியில் பீர். 2019-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது, இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். குடிக்காமலேயே ஈரலில் கொழுப்பு படிய இது போதும், அதன் மேல் ஆல்கஹாலும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டோடு நிற்காது, அதற்கு மேல் போகும். இந்த இரண்டும் கலந்த நோயாளிகளுக்கென்றே 2023-இல் மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

ஆகவே நன்றாக இருக்கும்போதே பாருங்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் போகிறவர்கள் அங்கேயே டாக்டரிடம் ஈரலுக்கும் பார்க்கச் சொல்லலாம். ஏஎல்டி, ஏஎஸ்டி, ஜிஜிடி என்று சில எண்கள் வரும். குடியால் கெட்ட ஈரலில் பெரும்பாலும் ஏஎல்டியைவிட ஏஎஸ்டி இரண்டு மடங்குக்குப் பக்கமாகவோ மேலேயோ இருக்கும். ஆனால் ஒன்று, இந்த எண்கள் நார்மலாக இருந்தால் ஈரல் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது, முற்றிப்போன ஈரலில்கூட அவை நார்மலாக இருப்பதுண்டு. ரத்தத் தட்டணுக்கள் எத்தனை என்பதையும் பாருங்கள், அது குறைந்துகொண்டே வந்தால் கவனிக்க வேண்டும். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு இந்த நாலையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள், காசு செலவில்லாமல் தழும்பு இருக்க வாய்ப்பு உண்டா இல்லையா என்று ஒரு முதல் பதில் கிடைக்கும், சந்தேகம் என்றால் ஸ்கேனுக்கும், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேனுக்கும் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

டாக்டர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கும்போது எந்த ஆம்பளையும் உண்மையான எண்ணைச் சொல்லி நான் பார்த்ததில்லை. ‘எப்பவாவது’ என்பார்கள். எப்பவாவது என்பதை வைத்து எந்த டாக்டரும் எதையும் கணக்குப் போட முடியாது. பெண்டாட்டிமார்களே, கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காருங்கள், அதுவும் ஒரு வைத்தியம்தான்.

இனி வருவதுதான் இந்தப் பதிவில் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. தினமும் நிறைய, அதுவும் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற அளவுக்குப் போனவர், வீட்டில் சத்தியம் வாங்கி, கோயிலில் கயிறு கட்டி, அன்றைக்கே ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. உயிர் போகிற ஆபத்து. நிறுத்திய அன்றே நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வரும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி பேதலிக்கும், இல்லாத ஆட்கள் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊரும், காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும்.

சித்தப்பாவுக்கு அது வந்தது. செத்துப்போன பழைய மண்டோரோடு, அதாவது தோட்டத்துக் கங்காணியோடு, நடு வீட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார், கூலியில் பிடித்ததைத் திருப்பிக் கொடு என்று. வீட்டில் எல்லோரும் உறைந்துபோனார்கள். லயத்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், பூசாரியைக் கூட்டிவர ஒருவர் மோட்டாரை எடுத்துவிட்டார், ஏனென்றால் குடியை விட்டவன் மேல் கெட்டது ஏறும் என்று இங்கே வெகு நாள் நம்பிக்கை, இப்போது யோசித்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது, நிறுத்தியவர்களுக்குத்தானே இப்படி வருகிறது. பக்கத்து லயத்தில் ஒரு கிழவி, அவர் புருஷன் அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர், அந்தக் கிழவிதான் சத்தம் போட்டார்: “பூசாரிய நாளைக்குப் பாத்துக்கலாம், மொதல்ல கார எடு.” மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், வைட்டமின் பி1 நிறையக் கொடுத்தார்கள். நிறையக் குடிக்கிறவர்களுக்கு உடம்பில் பி1 வற்றிப் போயிருக்கும், அது இல்லாவிட்டால் மூளையே நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனவே நிறுத்துங்கள், கட்டாயம் நிறுத்துங்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆசை வராமல் இருக்கவும் மாத்திரைகள் உண்டு, ஈரல் கெட்டவர்களுக்கு எல்லாமே ஒத்துக்கொள்ளாது, அதையும் அவர்தான் பார்த்துத் தர வேண்டும்.

ஈரல் சுருங்கிய பிறகு நிறுத்தி என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. தழும்பு முழுக்கப் போகாது, ஆனால் வயிற்றில் நீர் கோத்த பிறகுகூட, குடியை விட்டவர்களும் விடாதவர்களும் எத்தனை வருஷம் இருக்கிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. மாற்று ஈரல் வைப்பதெல்லாம் இந்த நாட்டில் தானம் கொடுப்பவர்கள் குறைவு என்பதால் கைக்கு எட்டுவது அபூர்வம், அதற்கும் கோலாலம்பூர் பக்கம் வரை போக வேண்டும்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஈரல் கெட்டுவிட்டது என்றதும் கறி, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கஞ்சியும் ரசமும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே தோளிலும் தொடையிலும் சதை வற்றிப் போனவருக்கு இது கொடுமை. புரதம் நிறைய வேண்டும், கிலோவுக்கு 1.2-இலிருந்து 1.5 கிராம் வரை, 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 72-இலிருந்து 90 கிராம். முட்டை, மீன், கோழி, தவ்வு, தெம்பே, பருப்பு எல்லாம் சரி. ராத்திரி பட்டினி கூடாது, படுக்கிறதுக்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும், ரெண்டு ரொட்டியும் ஒரு முட்டையும்கூடப் போதும், இல்லாவிட்டால் ஈரலில் சேமிப்பு இல்லாததால் உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பிக்கும். குறைக்க வேண்டியது உப்பை. கருவாடு, ஊறுகாய், கிச்சாப் (சோயா சாஸ்), பாக்கெட் மீ இந்த நாலையும் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, வயிற்றில் நீர் கோப்பவருக்கு இதைவிட முக்கியமான பத்தியம் கிடையாது.

கெராங் என்கிற சிப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரைவேக்காட்டில் கெராங் சாப்பிடுவது நமக்கு ஒரு சுகம், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அதற்கு ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். கெட்ட ஈரல் உள்ளவருக்கு, சரியாக வேகாத கடல் சிப்பியில் இருக்கிற ஒரு கிருமி ரத்தத்தில் ஏறினால் இரண்டொரு நாளில் ஆளை முடித்துவிடும். நன்றாக வேகவைக்காமல் கெராங்கே வேண்டாம்.

மாத்திரை விஷயம். பனடோல் (பாராசிட்டமால்) ஈரலைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு அதை விட்டுவிட்டு முட்டி வலிக்கு பொன்ஸ்தான், வோல்டரன் என்று போடுகிறார்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு அவைதான் கூடாது, சிறுநீரகம் போகும், ரத்தக் கசிவு வரும். பனடோல் அளவோடு என்றால் பரவாயில்லை, பொதுவாக இப்படிப்பட்டவர்களுக்கு நாளைக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள், உங்களுக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் லாக்டுலோஸ் என்று ஒரு இனிப்பு மருந்து, பாட்டிலில் கொடுப்பார்கள். சித்தப்பா அதை மலச்சிக்கல் மருந்து என்று நினைத்து, ‘எனக்குத்தான் நல்லாப் போகுதே’ என்று அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அது மலச்சிக்கலுக்காகக் கொடுத்தது இல்லை, அமோனியாவைக் குடலிலிருந்து வெளியேற்றி மூளையைத் தெளிவாக வைக்க. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போனால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். மண்டோர் வந்தது குடியை விட்டதால் என்றால், பின்னாளில் அவர் வீட்டுக்கு வழி தெரியாமல் ரோட்டோரம் நின்றது இந்த மருந்தைக் குடிக்காததால்.

நாட்டு மருந்தைப் பற்றிச் சொன்னால் எனக்கு அடி விழும், இருந்தாலும் சொல்கிறேன். கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை, காமாலைக்கு என் பாட்டியும் அரைத்து மோரில் கொடுத்தவர்தான், ஆனால் பல காமாலைகள் எதுவும் கொடுக்காவிட்டாலும் தானாகவே இறங்குகிறவை, பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. குடியால் தழும்பேறிய ஈரலை அது திருப்பிக் கொண்டுவரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பத்தாவாலி விஷயம் வேறு. சர்க்கரைக்கு நல்லது என்று வேலியில் படரும் அந்தக் கொடியை வெட்டி ஊறவைத்துக் குடிக்கிறார்கள், அதையும் அதன் சொந்தக்காரனான சீந்திலையும் குடித்து ஈரல் அழற்சி வந்தவர்களை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே கெட்ட ஈரலோடு அந்தச் சோதனை வேண்டாம். லிவர் டீடாக்ஸ் என்று முகநூலில் விற்கிற பவுடர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல, அந்தக் காசுக்கு ஒரு மாதம் முட்டை வாங்கலாம்.

கோப்பி மட்டும் நிஜமாகவே நம் பக்கம். தினமும் இரண்டு மூன்று கப் குடிக்கிறவர்களுக்கு ஈரல் தழும்பும் ஈரல் புற்றும் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கோப்பி ஓ கோசோங், அதாவது சீனி, பால் எதுவும் இல்லாமல். கெட்டிப் பாலை மூணு கரண்டி ஊற்றிவிட்டு ஈரலுக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லக் கூடாது.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு பிராந்தியும், ரத்தம் ஊற ஸ்டௌட்டும் கொடுக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஸ்டௌட்டில் இருக்கிற இரும்புச் சத்து சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரை ஒன்றுக்குப் பக்கத்திலேயே அது வராது, தாய்ப்பாலில் ஆல்கஹாலும் போகும். குளிருக்கு என்று ஆரம்பித்து அப்படியே பழகிப்போன பெண்களை எனக்குத் தெரியும். ஆண்கள் குடித்தால் ஊரே பேசும், இவர்கள் சமையலறையில் குடிக்கிறார்கள், பரிசோதனைக்கும் கடைசியில்தான் வருகிறார்கள்.

இன்னொன்று, 1989-க்கு முன்னால் பிறந்தவர்கள் ஒருமுறை ஹெபடைட்டிஸ் பி பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வருஷத்திலிருந்துதான் இங்கே பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் அந்தத் தடுப்பூசி. போட்டிராதவர்கள் இப்போதும் போட்டுக்கொள்ளலாம். அதே ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சியும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய காலத்தில் ரத்தம் ஏற்றியவர்கள், ஊசி பகிர்ந்தவர்கள், சுகாதாரமில்லாத இடத்தில் பச்சை குத்தியவர்கள் எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு, வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. அதற்கு 2018-இலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகவே மாத்திரை கொடுக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் முழுக்கக் குணமாகிறது. என் வீட்டுக்காரர் கையில் வாலிபத்தில் தைப்பூசக் கூட்டத்தில் பச்சை குத்திய ஒரு வேல் இருக்கிறது. அடுத்த வாரம் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறோம், அவருக்கு இன்னும் சொல்லவில்லை.